பசிப்பூட்டு

காரைவலசுக் கன்று முகாமில் அந்த வைகாசி மாதம் நானூற்றுப் பதினைந்து கன்றுகள் இருந்தன. எதற்கும் வயது மூன்று மாதத்துக்குமேல் இருக்காது. எழுந்து நிற்கத் தெம்பில்லாத கன்றுக்கும் கத்துவதற்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். விடிந்ததும் ஒன்று தொடங்கும். அடுத்த கொட்டகையிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் தகரக் கூரையே கத்துவது போலாகிவிடும். தாராபுரம் சாலையில் போகிற பேருந்துகளில், முகாமைக் கடக்கும்வரை ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

மழை இல்லாமல் அது மூன்றாவது வருஷம். கொறங்காடு என்று அந்தப் பக்கத்தில் சொல்லும், முள்வேலி சூழ்ந்த மேய்ச்சல் காடுகளில் கொழுக்கட்டைப் புல்லின் வேர்கூட மிச்சமில்லை. வெள்வேல மரங்கள் காய் விடுவதை நிறுத்தியிருந்தன. பால் வற்றிய மாடுகளை வண்டியேற்றி அனுப்பிவிட்டவர்கள், கன்றையாவது காப்பாற்றிக் கொடுங்கள் என்று முகாமில் கொண்டுவந்து கட்டினார்கள். கன்று பிழைத்தால் என்றைக்காவது தொழுவம் மறுபடி நிறையும் என்ற நம்பிக்கை.

முகாமின் பொறுப்பு கால்நடை மருத்துவர் நீலவேணியிடம் இருந்தது. வயது நாற்பத்து மூன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அவள் இப்படி ஒரு வறட்சியைப் பார்த்தாள். இனிப் பிழைக்காது என்று ஒதுக்கப்பட்ட முப்பத்தெட்டுக் கன்றுகளுக்குத் தன் கையாலேயே கடைசி ஊசி போட்டாள். அவற்றில் ஒன்று, கழுத்தைத் தடவிய அவள் விரலைத் தாயின் காம்பென்று நினைத்துச் சப்பியது. ஊசி இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் சப்பிக்கொண்டிருந்தது. அதன்பிறகு மேற்படிப்பு, ஆராய்ச்சி நிலையம், ஆய்வுக்கூடம் என்று அவள் எங்கே போனாலும் கேள்வி ஒன்றாகத்தான் இருந்தது. தீவனமே இல்லாத நாலைந்து மாதத்தை ஒரு கன்று எப்படித் தாண்டுவது?

பதினாறு வருஷ உழைப்பில் ஒரு வழி கிடைத்திருந்தது. அரசின் அனுமதியும் வந்து, மருந்துப் பெட்டிகள் முகாம் அறையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆனாலும் வைகாசி பாதி கடந்தும் நீலவேணி அவற்றைத் திறக்கவில்லை. ஏன் தயங்குகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

அவளைத் திறக்க வைத்தது சோறு.

அரசின் தீவன லாரி நாலு நாளைக்கொருமுறை வந்தது. பெரிய மாடுகளுக்கானால் காய்ந்த வைக்கோலில் யூரியாவும் வெல்லப்பாகும் தெளித்துக் கொடுத்துச் சமாளிக்கலாம். இளங்கன்றுக்கு யூரியா விஷம். பால்மாவுக் கஞ்சியும் முள் பொசுக்கிய சப்பாத்திக்கள்ளியும் மூன்றில் ஒரு பங்கு வயிற்றுக்குத்தான் காணும். ஒரு நாள் காலை ஒரு குடும்பம் ரேஷன் அரிசியைப் பொங்கி, ஒரு குண்டான் நிறையக் கொண்டுவந்து, மறைவாகத் தங்கள் மூன்று கன்றுகளுக்கும் வைத்துவிட்டது. பட்டினி கிடந்த வயிற்றில் சோறு புளித்துப் பொங்கியது. மதியத்துக்குள் மூன்றும் வயிறு ஊதிச் செத்தன.

"பசிக்குது பசிக்குதுன்னு கத்துச்சுங்க. நாங்க திங்கற சோத்தத்தானுங்க போட்டோம்" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நீலவேணி போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

அப்போது உடனிருந்தவள் மயிலாத்தாள். திருப்பூரில் பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் இல்லாமல் கம்பெனி மூடியதும் ஊருக்கு வந்து மாடு வளர்த்தாள். இப்போது மாடும் போய்விட்டது. செவலை, காரி, பில்லை என்று மூன்று கன்றுகளை முகாமில் கட்டிவிட்டு, அங்கேயே கஞ்சி காய்ச்சும் வேலையைத் தானாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதிலும் ஒரு பார்வையில் எந்தக் கன்றுக்குக் கண் குழி விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

பெட்டிக்குள் கட்டைவிரல் பருமனில் வெள்ளைக் குளிகைகள் இருந்தன. மயிலாத்தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இது உள்ளார போயி என்ன பண்ணுமுங்க டாக்டரம்மா?"

"வயித்துல உக்காந்து அஞ்சு மாசம் கொஞ்சங்கொஞ்சமா கரையும் அக்கா. உடம்போட வேகத்தைக் குறைச்சிடும். அடுப்பைச் சிம்ல வைக்கிற மாதிரி. மூணு பங்கு கேக்கற உடம்பு ஒரு பங்குல ஓடும்."

"செரி. இந்தச் சத்தம்?"

"பசிக்குதுன்னு வயிறு மூளைக்கு ஒரு சேதி அனுப்பும். அந்தச் சேதி போகாது. அதனால கத்தாது, தீவனம் தேடாது. வேளைக்கு நாமதான் குழாய்ல கஞ்சி ஊத்தணும். தொண்டையில ஊத்தினா முழுங்கிக்கும்."

மயிலாத்தாள் குளிகையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே யோசித்தாள்.

"ஒடம்பு பசியாத்தான் கெடக்கும். கன்னுக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானுங்?"

"ஆமா."

"அப்ப அதோட பசிய ஆருங் நெனப்பு வெச்சுக்கறது?"

"நாமதான் அக்கா."

"நாமளா?" மயிலாத்தாள் லேசாகச் சிரித்தாள். "பதினெட்டு வருசம் பனியன்ல ஓட்டை தேடுன கண்ணுங் இது. எந்த ஓட்டையும் நான் இங்க இருக்கறன்னு சொல்லாது. நாமதான் ஒவ்வொண்ணாத் தூக்கி வெளிச்சத்துல பாக்கோணும். மொதல் நாலு மணி நேரம் கண்ணுக்குத் தப்பாதுங். அப்பறம் அசந்துரும். ஆரா இருந்தாலும் அசந்துரும்."

வெளியே சத்தம் உச்சத்தில் இருந்தது. செத்த மூன்று கன்றுகளையும் யாரோ தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மயிலாத்தாள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குளிகையைத் திருப்பிக் கொடுத்தாள். "போடுங். எங்குதுல இருந்தே ஆரம்பிங். என்னாலயும் இந்தச் சத்தத்தத் தாங்க முடியல."

அன்று மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு கன்றுகளுக்கும் குளிகை இறங்கியது. அரசுக் காகிதத்தில் அதன் பெயர் ஊட்டச் சேமிப்புக் குளிகை. ஊர்க்காரர்கள் மறுநாளே அதற்குப் பசிப்பூட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் விடிந்தபோது சத்தம் இல்லை. கொட்டகைகளுக்குள் கன்றுகள் மடித்த காலின்மேல் தலை வைத்துப் படுத்திருந்தன. மூச்சு நிதானமாக வந்தது. ஒரு கன்றின் கண்ணிலும் கலக்கம் இல்லை. கன்றைப் பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் நடப்பது போல மெதுவாக நடந்தார்கள். ஒருவர் நீலவேணியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அன்று மதியம் மூன்று மாதத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனி மாதம் நன்றாகப் போனது. வேளைக்கு இருபது பேர் வந்து மூங்கில் குழாயில் கஞ்சி ஊற்றினார்கள். வாரம் ஒருமுறை மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதினார்கள். எலும்பு தெரிந்தது, உயிர் போகவில்லை.

ஆடியில் இருபது பேர் பன்னிரண்டு ஆனார்கள். யாரும் வேண்டுமென்றே நின்றுவிடவில்லை. தினமும் வந்தவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார்கள். சும்மா படுத்திருக்கிற கன்றுக்கு இன்று ஒரு வேளை தவறினால் என்ன என்று தோன்றியிருக்கும். ஆவணியில் லாரி எட்டு நாளைக்கொருமுறை என்றானது. நீலவேணி தீவன ஒதுக்கீட்டு அலுவலருக்குப் போன் செய்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. என்கிட்ட இருக்கறது பதினோரு லாரி. முப்பத்தாறு முகாம். தினமும் ஒவ்வொரு ஊர்லேர்ந்தும் ஆளுங்க வந்து என் ரூம் வாசல்ல உக்கார்றாங்க. உங்க முகாம்லேர்ந்து ரெண்டு மாசமா ஒருத்தர்கூட வரல. கத்தற ஊருக்குத்தானே நான் முதல்ல அனுப்ப முடியும்?"

"இங்கயும் பசிதான் சார். வெளியில தெரியாது, அவ்வளவுதான்."

"தெரியாத வரைக்கும் நான் என்னன்னு எழுதறது, சொல்லுங்க?"

போனை வைத்துவிட்டு அவள் கொட்டகைக்குப் போனாள். மயிலாத்தாள் செவலைக் கன்றின் விலாவில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். தினமும் இப்படி ஒவ்வொரு கன்றாகத் தொட்டுப் பார்ப்பது அவள் வழக்கமாகியிருந்தது. இப்போது இருந்தவை முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பதினான்கு போயிருந்தன. அவை எப்போது போயின என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. படுத்திருந்ததைத் தொட்டபோதுதான் சில்லென்றிருந்தது.

"லாரி வராதுங்களா?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"எட்டு நாளைக்கு ஒருக்கா."

"அவங்கள என்னங் சொல்றது? எனக்கே நேத்து அஞ்சு கன்னு விட்டுப் போச்சுங். ஊத்தியாச்சுன்னு நெனச்சுட்டன். அதுகளும் ஒண்ணும் சொல்லல."

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. மூன்று வருஷத்து மழையும் சேர்ந்து வந்தது போல ஒன்பது நாள் கொட்டியது. கொழுக்கட்டைப் புல்லுக்கு விதை மண்ணுக்குள் எங்கேதான் கிடந்ததோ, இருபது நாளில் கொறங்காடு முழங்கால் உயரத்துக்குப் பச்சை கட்டியது. அதற்குள் குளிகையும் கரைந்து முடிந்திருந்தது. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, மருந்து துளியும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, நீலவேணி நாள் குறித்தாள். மழை நாள்வரை தாக்குப்பிடித்த கன்றுகள் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

ஊரே வந்திருந்தது. கன்றுகளின் கொம்பு முளைக்கும் இடத்தில் மஞ்சள் தடவியிருந்தார்கள். முகாமை ஒட்டிய கொறங்காட்டின் படலைத் திறந்து கன்றுகளை உள்ளே ஓட்டினார்கள். அவை போய்ப் புல்லுக்கு நடுவில் நின்றன.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒரு கன்று புல்லை முகர்ந்தது. அது நிமிர்ந்து, காதில் உட்கார்ந்த ஈயை உதறிவிட்டு, அப்படியே நின்றது. இன்னொன்று புல்லின்மேல் படுத்துக்கொண்டது. ஈரப்புல் அதன் வாயோரத்தில் உரசிக்கொண்டிருந்தது. அது வாயைத் திறக்கவில்லை.

"புதுசு இல்லீங்களா, பயமா இருக்கும்" என்றார் ஒருவர்.

"பெரிய மாட்டக் கூட விடுங். பாத்துக் கத்துக்கும்" என்றார் இன்னொருவர்.

எங்கிருந்தோ இரண்டு பெரிய மாடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மாடுகள் சரக் சரக்கென்று புல்லை இழுத்து மேய்ந்தன. கன்றுகள் அமைதியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாயங்காலம்வரை முந்நூற்றுத் தொண்ணூற்றொரு கன்றில் ஒன்றுகூட ஒரு வாய் தின்னவில்லை. ஊர் மெல்லக் கலைந்தது.

நீலவேணி அங்கேயே நின்றாள். மயிலாத்தாள் பக்கத்தில் வந்தாள்.

"பூட்டு தொறக்கலீங்களா?"

"திறந்துடுச்சு அக்கா. மருந்து இல்ல. பசிக்குதுன்னு சேதி இப்ப மூளைக்குப் போகுது. ஆனா அந்தச் சேதிக்கு அர்த்தம் அதுங்களுக்குத் தெரியல. ரெண்டு மாசத்துலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ளதான் ஒரு கன்னு பசிக்கும் புல்லுக்கும் முடிச்சுப் போடக் கத்துக்கும். பசிக்கும், எதையாவது கடிக்கும், வயிறு நெறையும். அப்படித்தான் படியும். அந்த மாசங்களை நாம எடுத்துட்டோம். இப்ப வயித்துல என்னமோ பண்ணுதுன்னு மட்டும் தெரியும். எதுக்குன்னு தெரியாது."

மயிலாத்தாள் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, செவலையின் கடைவாயில் விரலை விட்டுத் திறந்து, உள்ளே வைத்தாள். செவலை மென்றது. விழுங்கியது. பிறகு மறுபடி சும்மா நின்றது. அவள் இன்னொரு பிடி பிடுங்கினாள்.

அதன்பிறகு நடந்ததை நீலவேணி பின்னாளில் வாய்விட்டு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கன்றுக்காரர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று என்று வீட்டுக்கு ஓட்டிப்போய்க் கையால் ஊட்டினார்கள். நல்ல மனதோடுதான் ஊட்டினார்கள். ஆனால் ஒரு கன்றின் வயிறு நிறைய நாளைக்கு நாலு மணி நேரம் ஊட்ட வேண்டும். மூன்று வருஷம் தரிசாகக் கிடந்த நிலத்தில் இப்போதுதான் உழவு வந்திருந்தது. விதைப்புக்குப் போகாமல் கன்றின் வாயருகே யார் உட்கார்ந்திருப்பது? கார்த்திகையில் நூறு போயின. மார்கழியில் அதைவிட அதிகம். எல்லாம் பச்சைக்கு நடுவில் போயின. மயிலாத்தாளின் காரி, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், ஆள் உயரச் சோளத்தட்டைப் போருக்குப் பக்கத்திலேயே கால் மடங்கி விழுந்தது. பில்லை பொங்கலுக்கு மறுநாள் போனது. பங்குனிக் கடைசியில் கணக்கெடுத்தபோது பதினேழு இருந்தன. அந்தப் பதினேழும், வீட்டில் வேறு வேலையில்லாத ஒரு ஆள் இருந்த வீடுகளில்தான் இருந்தன.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். நீலவேணி பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்த ஒன்றையும் எழுதினாள். தன்னை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். அப்படி நடந்தால் நல்லதென்றும் நினைத்தாள்.

சித்திரையில் அறிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக மயிலாத்தாளின் காட்டுக்குப் போனாள். மயிலாத்தாள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து செவலைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். செவலை இப்போது நெஞ்சகன்ற கிடாரியாகியிருந்தது.

"என்னங் எழுதியிருக்காங்க?"

நீலவேணி படித்துச் சொன்னாள். "திட்டம் மழை வந்த நாளோட முடிஞ்சுடுச்சாம். அன்னிக்கு உயிரோட இருந்தது முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. வேற எந்த முகாம்லயும் பாதிகூட மிஞ்சலயாம். மழைக்கு அப்புறம் செத்தது வறட்சியில செத்ததா ஆகாது, பராமரிப்புக் குறைவாம். குளிகையைத் தொடரலாம்னு எழுதியிருக்காங்க. எனக்குப் பாராட்டு."

மயிலாத்தாள் அடுத்த பிடியை எடுத்தாள்.

நீலவேணி மண்ணில் உட்கார்ந்தாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவங்ககிட்ட எழுதிக் கொடுத்தாச்சு, அவங்க அதைப் படிச்சாங்களான்னு தெரியல. நிலையத்துல பன்னிரண்டு கன்னுக்குப் போட்டுப் பாத்தோம். பதினொண்ணு மருந்து கரைஞ்சதும் நல்லா மேஞ்சுது. எல்லாம் எட்டு மாசக் கன்னு. ஏற்கனவே மேயத் தெரிஞ்சது. ஒண்ணு மட்டும் மூணு மாசம். எண்ணிக்கைக்கு ஒண்ணு குறையுதேன்னு கடைசியில சேத்தது. அது மேயவே இல்ல. இருபது நாள்ல செத்துடுச்சு. நான் வேறு காரணம்னு எழுதினேன்."

"வேற காரணமுன்னு நீங்க நம்புனீங்களா?"

"நம்பணும்னு நெனச்சேன். பதினாறு வருஷம் அக்கா. அந்தப் பெட்டியைத் திறக்க அவ்வளவு நாள் தயங்கினது அதனாலதான். நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா நீங்க வேணாம்னு தடுத்திருப்பீங்க."

மயிலாத்தாள் செவலையின் தாடையைத் துடைத்துவிட்டாள். அவள் முகத்தில் கோபம் வந்து, அது நிற்க இடமில்லாமல் போனது போலிருந்தது.

"தடுத்திருப்பனான்னு தெரியலீங் அம்மிணி. அன்னிக்கு எனக்கு அந்தச் சத்தம் நின்னாப் போதும்னு இருந்துச்சு. நீங்க சொல்லியிருந்தாலும் காதுல ஏறியிருக்காதோ என்னமோ. அதுதான் எனக்கு வெசனம். காரியும் பில்லையும் செத்ததுக்கு உங்கள வையலாம்னு பாத்தா, போடுங்னு சொன்னது எம்பட வாயி."

நீலவேணி அழுதாள். மயிலாத்தாள் அதைப் பார்க்காதது போல ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மிணி என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

அழுகை அடங்கியதும் மயிலாத்தாள் கேட்டாள். "அடுத்தாப்ல எங்க போடறாங்களாமா?"

"கெழக்க. முதுகுளத்தூர் பக்கம். அங்க ரெண்டு வருஷமா மழை இல்ல. ஆனி மாசம் முகாம். ஒன்பதாயிரம் கன்னு. நான் வேணாம்னு மூணு தடவை எழுதிட்டேன்."

"எழுத்துல சொன்னா ஆருக்குங் ஏறுது? கன்னு வெச்சிருக்கறவங்க வேண்டாமுன்னு சொன்னா வலுக்கட்டாயமாப் போட முடியுமா?"

"முடியாது. சம்மதம் வேணும்."

"அப்ப இந்தச் செவலைய ஏத்திக்கிட்டுப் போலாம். கண்ணுல காட்டலாம். பாத்தா ஆரும் சம்மதிக்க மாட்டாங்."

ஆனி மாதம் முதல் வாரம் போனார்கள். ஒரு சின்ன லாரியில் முன்னால் இரண்டு பெண்களும், பின்னால் செவலையும், அதற்குப் பக்கத்தில் காரைவலசில் அறுத்த இரண்டு கட்டுப் பச்சைப் புல்லும். மதுரையைத் தாண்டியதும் பச்சை என்பதே கண்ணில் படவில்லை. கருவேல மரங்களும் இலை உதிர்த்து நின்றன.

முகாமை அடைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. நீலவேணி கண்ணை மூடிக்கொண்டாள். லாரி உள்ளே நுழைந்ததும், புல்லின் வாசனை பிடித்த கன்றுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்தன. கத்தல் இரண்டு மடங்கானது. வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்த விவசாயிகள் எழுந்து வந்து லாரியைச் சுற்றி நின்றார்கள்.

மயிலாத்தாள் செவலையை இறக்கி நடுவில் நிறுத்தினாள். ஒரு கட்டுப் புல்லைப் பிரித்து அதன் காலடியில் போட்டாள். செவலை புல்லின் நடுவில் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, வாலால் ஈ ஓட்டியது.

நீலவேணி பேசினாள். இந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவளே தான்தான் என்றாள். இளங்கன்றுக்கு இதைப் போட்டால் கத்தல் நிற்கும், உயிர் தங்கும், ஆனால் தின்னக் கற்றுக்கொள்ளாது என்றாள். காரைவலசில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று மழையைப் பார்த்ததையும், இப்போது பதினேழு மட்டும் இருப்பதையும் சொன்னாள். "நீங்க கையெழுத்துப் போடாதீங்க. தீவனம் கேட்டுப் போராடுங்க. நான் கூட வந்து உக்கார்றேன்" என்றாள்.

யாரும் குறுக்கே பேசவில்லை. கவனமாகக் கேட்டார்கள். பிறகு முன்வரிசையிலிருந்த கருமலையான் என்பவர், ஒல்லியான மனிதர், செவலையைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். அதன் முதுகைத் தடவினார். பல்லைப் பார்த்தார்.

"இது அந்த மாத்திரை போட்ட கன்னுதானா தாயி?"

"ஆமாங்" என்றாள் மயிலாத்தாள்.

"போட்டு எம்புட்டு நாளாச்சு?"

"ஒரு வருசம் ஆச்சுங்."

கருமலையான் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். "உசுரோட நிக்குதுல்ல" என்றார்.

"பதினேழுதான் ஐயா மிஞ்சினது" என்றாள் நீலவேணி. "நானூத்துல பதினேழு!"

"போன வருசம் எங்கூர்ல நூத்திச் சொச்சம் கன்னு கட்டியிருந்தோம் தாயி. ஒண்ணு மிஞ்சல. நீங்க போராடச் சொல்றீக. போராடாமயா இருந்தோம்? அது நடக்கற வரைக்கும் இதுக கத்தறத யாரு கேட்டுக்கிட்டு இருக்கறது?" அவர் குரலில் எதிர்ப்பே இல்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "பதினேழு நிக்குதுல்ல. அதுல ஒண்ணு எங்குதா இருந்துட்டுப் போகுது."

கூட்டத்திலிருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி மயிலாத்தாளிடம் வந்தாள். "அக்கா, ஒங்க கன்னுதான் அந்தப் புல்லத் திங்கலயே. எங்குதுகளுக்கு ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கிடவா?"

மயிலாத்தாள் தலையசைத்தாள். புல் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. கொட்டகைகளில் கத்தல் கொஞ்சம் அடங்கி மறுபடி எழுந்தது. அதற்குள் முகாம் அறையின் வாசலில், சம்மதத் தாள் வைத்திருந்த மேஜைக்கு முன்னால், வரிசை சேர்ந்துவிட்டது. கருமலையான் மூன்றாவது ஆளாக நின்றார்.

நீலவேணி லாரியின் நிழலில் நின்றாள். மயிலாத்தாள் லாரியிலிருந்து இரண்டாவது கட்டை இறக்கினாள். செவலைக்கு ஊட்ட வேண்டிய நேரமாகியிருந்தது. அதன் கடைவாயில் விரல் விட்டுத் திறந்து முதல் பிடியை வைத்தாள். அது மென்று விழுங்கும்வரை தொண்டையை நீவிவிட்டாள்.

வரிசையில் நின்றவர்கள், அதை அவள் எப்படிச் செய்கிறாள் என்று கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.